ஒலிவாங்கியைப் பறிக்காதீர்கள்

சென்ற மார்கழியில் வெள்ளவத்தையிலுள்ள முன்பள்ளியொன்றின் கலைவிழாவுக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் வரவேற்புரை சொல்ல மேடையேறினான். "வ... வ... வ..." என்றான். சபையில் சிரிப்பு. ஆசிரியை ஒலிவாங்கியைப் பறித்து, அவன் சொல்லவேண்டியதைத் தாமே சொல்லி முடித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அந்த வெட்கமே இதை எழுதச் செய்கிறது.

ஆசிரியை கெட்டவரல்லர். பிள்ளையைக் காப்பாற்றியதாகவே எண்ணியிருப்பார். அந்த எண்ணத்தோடுதான் எனக்கு வழக்கு.

இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில், நூறு பிள்ளைகளில் சுமார் 5 பேர் சில காலம் திக்கிப் பேசுகிறார்கள். அவர்களில் நான்கில் மூவரளவில் பின்னர் சரளமாகப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். பரம்பரைக்கும், மூளை பேச்சை இயக்கும் விதத்துக்கும் இதில் பெரும் பங்குண்டு. வசம்பு தேய்க்காத குறையன்று. இரண்டு மூன்று மொழிகளைக் கேட்டு வளர்வதும் காரணமன்று. "வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்துங்கள்" என்று கொழும்புப் பெற்றோருக்கு உபதேசிக்கும் முன்பள்ளிகள் முதலில் அந்த உபதேசத்தை நிறுத்தட்டும்.

நிற்க. 1939 இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் அநாதை இல்லமொன்றில் ஒரு பரிசோதனை நடத்தியது. இயல்பாகப் பேசிய பிள்ளைகள் சிலரிடம், "உனக்குத் திக்குகிறது, திருத்திக்கொள்" என்று மாதக்கணக்கில் சொல்லப்பட்டது. அவர்கள் திக்குவாயர்களாகிவிடவில்லை, ஆனால் வாய் திறக்கவே கூசினார்கள். 2001 இல் பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. 2007 இல் ஆறு பேரின் தரப்புக்கு 925,000 டொலர் இழப்பீடு வழங்க அயோவா மாநிலம் உடன்பட்டது. ஆக, நமது திருத்தல்கள் திக்கலை உண்டாக்குவதில்லை, மௌனத்தை உண்டாக்குகின்றன. "மெதுவாகச் சொல்லு", "மூச்சை இழுத்துச் சொல்லு", "திருப்பிச் சொல்லு" என்று நாள் முழுவதும் கேட்கும் பிள்ளை, பேசாமலிருப்பதே பாதுகாப்பு என்று கற்றுக்கொள்கிறது.

கொட்டாஞ்சேனைத் தாயொருத்தியிடம், "ஒழுங்காகப் பேச வந்தபின் கூட்டிவாருங்கள்" என்று ஒரு முன்பள்ளி சொன்னதாம். நீந்தப் பழகியபின் கடலுக்கு வா என்பது போலிருக்கிறது!

முன்பள்ளி செய்யவேண்டியது அதிகமில்லை. காத்திருத்தல். சொல்லை முடித்துக் கொடுக்காதிருத்தல். எப்படிச் சொல்கிறான் என்பதை விட்டு, என்ன சொல்கிறான் என்று கேட்டல். ஆசிரியை தம் பேச்சை நிதானமாக்குதல். "கொன்னை" என்று பட்டம் சூட்டும் குறும்பை அன்றே நிறுத்துதல். திக்குபவர்கள் பாடும்போதும் பிறரோடு சேர்ந்து சொல்லும்போதும் பெரும்பாலும் திக்குவதில்லை. அச்சிறுவன் விரும்பியிருந்தால், தோழன் ஒருவனோடு சேர்ந்து சொல்ல விட்டிருக்கலாமே!

தானாகப் போய்விடும் என்று சும்மா இருக்கச் சொல்லவில்லை. திக்கல் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, குடும்பத்தில் வேறெவருக்கும் இருந்தாலோ, பிள்ளை சொல்லை வெளியே தள்ளப் போராடினாலோ பேச்சுச் சிகிச்சையாளரிடம் காட்டுங்கள். இத்துறைக்கான பயிற்சி ராகமவிலுள்ள களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் 1997 இல் தொடங்கி, 2008 இல் பட்டப்படிப்பாயிற்று. ஆயினும் தமிழில் சிகிச்சையளிப்போர் இன்றும் மிகச் சிலரே. முன்பள்ளி ஆசிரியைகளுக்கான பயிற்சியில் இதற்கு ஒரு நாளாவது ஒதுக்குங்கள் என்று கேட்பது பேராசையா?

மறுபடியும் மார்கழி வரும், கலைவிழாக்களும் வரும். சபையிலிருக்கும் நாமும் பத்து வினாடி பொறுப்போம். ஒலிவாங்கி பிள்ளையின் கையிலேயே இருக்கட்டும்.