யார் கண்டது? யார் எண்ணியது?

திருத்தணியில் தமிழும் தெலுங்கும் அறிந்தவர் ஏராளம். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வருகிறவர்களில் தமிழர் எத்தனை பேர், தெலுங்கர் எத்தனை பேர் என்று மலைப்படியில் நின்று ஒருவரும் கணக்கெடுப்பதில்லை. ஆயினும் அத்தகைய கணக்கு இவ்வூரின் தலைவிதியை நிர்ணயித்த காலம் ஒன்று உண்டு. 1953 அக்டோபர் 1-ந் தேதி ஆந்திர ராஜ்யம் பிறந்தபோது சித்தூர் ஜில்லாவோடு திருத்தணியும் அதில் சேர்ந்தது. ஸ்ரீ மங்கலங்கிழார், ஸ்ரீ ம. பொ. சிவஞானம் முதலியோரின் தலைமையில் எல்லைக் கிளர்ச்சி நடந்தது. தொண்டர்கள் சிறை சென்றனர். பின்னர் ஸ்ரீ படாஸ்கர் மத்தியஸ்தரானார். கிராமத்தை அலகாக வைத்து, அங்கே எந்த மொழியினர் அதிகம், நிலம் தொடர்ச்சியாக இருக்கிறதா என்று பார்த்து அவர் முடிவு கூறினார். 1959-ல் பார்லிமெண்டு சட்டம் செய்தது. 1960 ஏப்ரல் 1-ந் தேதி திருத்தணி சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. செங்கற்பட்டு, சேலம் ஜில்லாக்களிலிருந்து சில கிராமங்கள் ஆந்திரத்துக்குப் போயின.

இச்சம்பவத்துக்குத் தமிழில் வழங்கும் பெயர் 'மீட்பு' என்பது. நாமும் அப்படித்தான் எழுதி வருகிறோம். எல்லைக்கு அப்பாலிருந்து பார்ப்பவர் இதே சம்பவத்தை 'மீட்பு' என்று சொல்வாரா? மாட்டார். தேதி ஒன்று, சட்டம் ஒன்று, கிராமமும் ஒன்று. பெயர் மட்டும் இரண்டு. பாலஸ்தீனத்திலிருந்து வரும் செய்திகளை இந்த நினைவோடு படிப்பது நல்லது என்பது நமது அபிப்பிராயம். உவமையை இதற்குமேல் இழுப்பது அநியாயமாகும். இங்கே கிராமங்கள் ஒரே தேசத்துக்குள் கைமாறின. அங்கே ஊர்களே இல்லாமற் போயின.

1948-ம் வருஷத்தை இஸ்ரேலியர் சுதந்திரம் என்கிறார்கள். அதே வருஷத்தைப் பாலஸ்தீன அராபியர் 'நக்பா', அதாவது பேரழிவு, என்கிறார்கள். ஐரோப்பாவில் அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்ட பின்னர், இனித் தமக்கென்று ஒரு நாடு வேண்டும் என்று அவ்வினத்தார் துடித்ததில் ஆச்சரியமில்லை. அந்நாடு பிறந்த யுத்தத்தில் ஏறக்குறைய ஏழு லட்சம் அராபியர் வீடும் வயலும் இழந்து அகதிகளானதும் சரித்திரம். இவ்விரண்டில் ஒன்றை மட்டும் சொல்லி மற்றதை விழுங்கிவிடும் பத்திரிகை, பொய் ஒன்றுகூட எழுதாமலே வாசகரை ஏமாற்றிவிடலாம்.

தமிழ்ப் பத்திரிகைகளுக்கு அந்தப் பிராந்தியத்தில் சொந்த நிருபர்கள் இல்லை. அயல்நாட்டுச் செய்தி ஸ்தாபனங்கள் இங்கிலீஷில் அனுப்புவதை நள்ளிரவில் அவசரமாக மொழிபெயர்த்துப் போடுகிறோம். அரசியல் அந்த மொழிபெயர்ப்பிலேயே புகுந்து விடுகிறது. மேற்குக் கரையில் ராணுவ ஆதிக்கத்தின் கீழுள்ள நிலத்தில் கட்டப்படும் யூதக் குடியேற்றங்களைப் பல தமிழ்த் தாள்கள் 'குடியிருப்புகள்' என்று எழுதுகின்றன. படிப்பவர் வீட்டு வசதி வாரியத்தின் மனைகள் என்று நினைத்துக் கொள்வார்! அந்த ஆக்கிரமிப்பே சட்ட விரோதமானது என்று சர்வதேச நீதிமன்றம் 2024 ஜூலை 19-ந் தேதி அபிப்பிராயம் கூறியிருப்பது அந்தச் சொல்லில் எங்கே தெரிகிறது? வினைச்சொற்களும் இப்படித்தான். சில தாள்களில் இஸ்ரேலியர் 'கொல்லப்படுகிறார்கள்', பாலஸ்தீனியர் 'இறந்து போகிறார்கள்'. எதிர்ப்பக்கத்துத் தாள்களும் சளைத்தவை அல்ல. 2023 அக்டோபர் 7-ந் தேதி ஹமாஸ் படையினர் எல்லை கடந்து சுமார் 1,200 பேரைக் கொன்று, ஏறத்தாழ 250 பேரைப் பிணையாகப் பிடித்துச் சென்றனர். இசை விழாவுக்கு வந்த இளைஞரும் வீட்டிலிருந்த முதியோரும் அதில் அடக்கம். இதை வெறும் 'எதிர்த்தாக்குதல்' என்று ஒரே வார்த்தையில் முடித்தவர்கள் உண்டு.

அவசரத்தின் விளைவுக்கு ஓர் உதாரணம் போதும். 2023 அக்டோபர் 17-ந் தேதி இரவு காஸா நகரின் அல்-அஹ்லி ஆஸ்பத்திரி வளாகத்தில் வெடி விபரீதம் நேர்ந்தது. இஸ்ரேலிய விமானத் தாக்குதல் என்றும் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர் என்றும் ஹமாஸ் நிர்வாகத்தின் அதிகாரிகள் சொன்னதை உலகத்தின் பெரிய பத்திரிகைகள் சில நிமிஷங்களில் தலைப்பாக்கின. அது குறி தவறி விழுந்த பாலஸ்தீன ராக்கெட் என்றது இஸ்ரேல். அமெரிக்க உளவுத்துறையும் அவ்வாறே கருதியது; மனித உரிமைக் கண்காணிப்பகமும் நவம்பரில் ஏறக்குறைய அதே முடிவுக்கு வந்தது. மாண்டோர் தொகையைக் காஸா அமைச்சகம் 471 என்றது. அமெரிக்க மதிப்பீடு நூறிலிருந்து முந்நூறு வரை. முதல் தலைப்பில் ஹமாஸின் கூற்றை அளவுக்கு மீறி நம்பிவிட்டதாக நியூயார்க் டைம்ஸ் ஆறு நாட்களுக்குப் பின் ஒப்புக்கொண்டது. அதற்குள் பல நகரங்களில் கூட்டங்கள் கொதித்துத் தெருவுக்கு வந்துவிட்டன. நாற்பது சிசுக்களின் தலை கொய்யப்பட்டதாக அதே மாதத்தில் மறுபுறத்திலிருந்து பரவிய கதைக்கும் ஆதாரம் கிடைக்கவில்லை. அத்தகைய படங்களைப் பார்த்ததாக அமெரிக்க ஜனாதிபதி பேசிவிட, அவர் பார்க்கவில்லை என்று வெள்ளை மாளிகையே விளக்கம் தரவேண்டி வந்தது. குழந்தைகள் மெய்யாகவே கொல்லப்பட்டிருக்க, புளுகு எதற்கு?

எண்ணிக்கைக்கு வருவோம். காஸாவில் கொல்லப்பட்டோர் தொகை 2025 ஜூலை இறுதியில் 60,000-ஐத் தாண்டியது என்று அங்குள்ள சுகாதார அமைச்சகம் அறிவித்தது. 'ஹமாஸ் கணக்கு' என்ற அடைமொழியோடு இதைத் தள்ளிவிடுகிறவர்கள் இரண்டு விஷயங்களை மறைக்கிறார்கள். முந்திய யுத்தங்களில் இவ்வமைச்சகத்தின் தொகைகளும் ஐ.நா. தனியாக எடுத்த தொகைகளும் பெரும்பாலும் ஒத்துப்போயின. இடிபாட்டுக்குள் கிடந்த சடலங்கள் பல அந்தத் தொகையில் சேரவே இல்லை. அமைச்சகத்தின் கணக்கு போர்வீரரையும் குடிமக்களையும் பிரித்துக் காட்டுவதில்லை என்பதும் உண்மை. தொகையை வெளியிடும்போது இவ்வளவையும் சேர்த்துச் சொல்ல நான்கு வரி போதும். அந்த நான்கு வரிக்கு இடமில்லாத தாள்களில் சினிமாவுக்கு நாலு பக்கம் இருக்கிறது.

எல்லாவற்றிலும் பெரிய குறை, நடுநிலையான கண்கள் அங்கே போக முடியாததுதான். யுத்தம் தொடங்கியதிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக, அயல்நாட்டு நிருபர் எவரையும் காஸாவுக்குள் சுயேச்சையாக நுழைய இஸ்ரேல் அனுமதிக்கவில்லை. ராணுவ வண்டியில் ஏறி, ராணுவம் காட்டியதைப் பார்த்து வந்தவர்கள்தான் உண்டு. செய்தி கொடுத்த பாரம் முழுவதும் காஸாவின் சொந்தப் பத்திரிகையாளர் தலையில் விழுந்தது. பத்திரிகையாளர் பாதுகாப்புக் குழு 1992 முதல் எடுத்து வரும் கணக்கில், இத்தனை பத்திரிகையாளர் மடிந்த யுத்தம் வேறில்லை. 2025 ஆகஸ்டு 25-ந் தேதி நாசர் ஆஸ்பத்திரிமீது விழுந்த குண்டுகளில் ஒரே இடத்தில் ஐந்து பத்திரிகையாளர் உயிரிழந்தனர். ராய்ட்டருக்கும் அசோசியேட்டட் பிரஸ்ஸுக்கும் வேலை செய்தவர்கள் அவர்களில் இருந்தனர். 2007 முதல் காஸாவை ஆண்ட ஹமாஸின் கீழ் அச்சமின்றி எழுத முடிந்ததா என்றால், அதுவும் இல்லை. அந்த நிருபர்கள் இரு பக்கத்து அச்சத்துக்கும் நடுவில் நின்று அனுப்பியவைதாம் நாம் காலையில் காப்பியோடு படித்த செய்திகள்.

நம் தேசத்தின் நிலை என்ன? 1938 நவம்பரில் ஹரிஜன் பத்திரிகையில் காந்தியடிகள் யூதரிடம் தமக்குள்ள அனுதாபத்தைக் கூறி, ஆயினும் அவர்களை அராபியர்மேல் திணிப்பது தகாது என்று எழுதினார். 1947 நவம்பர் 29-ந் தேதி பாலஸ்தீனப் பிரிவினைத் திட்டம் ஐ.நா. பொதுச்சபையில் 33-க்கு 13 என்று நிறைவேறியபோது இந்தியா எதிர்த்து ஓட்டளித்தது. 1950-ல் இஸ்ரேலை அங்கீகரித்தோம். 1988-ல் பாலஸ்தீன ராஜ்யத்தையும் அங்கீகரித்தோம். 1992-ல் இஸ்ரேலுடன் முழு ராஜீய உறவு ஏற்பட்டது. சமீப வருஷங்களில் நமது ஓட்டு ஊசலாடியிருக்கிறது. 2023 அக்டோபர் 27-ந் தேதித் தீர்மானத்தில் நடுநிலை. டிசம்பர் 12-ந் தேதி யுத்த நிறுத்தத்துக்கு ஆதரவு. 2025 ஜூன் 12-ந் தேதி மறுபடியும் நடுநிலை. செப்டம்பர் 12-ந் தேதி இரு ராஜ்யத் தீர்வுக்கு ஆதரவு. சர்க்காரைப் போற்றும் தாள்கள் தங்களுக்குப் பிடித்த ஓட்டையும், தூற்றும் தாள்கள் தங்களுக்குப் பிடித்த ஓட்டையும் மட்டுமே பெரிதாக்கின. நான்கையும் ஒரே பத்தியில் வைத்து, ஜூனில் யுத்த நிறுத்தம் ஏன் ஆதரவுக்கு உரியதாயில்லை என்று கேட்ட தாள்கள் மிகக் குறைவு. அந்தக் கேள்விக்குத் திருப்தியான பதில் இன்றும் கிடைத்ததாக நாம் கருதவில்லை.

2025 அக்டோபர் 10-ந் தேதி யுத்த நிறுத்தம் அமுலுக்கு வந்தது. உயிரோடிருந்த பிணையாளிகள் சில தினங்களில் வீடு திரும்பினர். இனி இடிபாடுகளைத் தோண்டி மாண்டவரை எண்ண வேண்டும். படாஸ்கரின் முடிவை இரு ராஜ்யங்களும் குறைகளோடாவது ஏற்றுக்கொண்டதற்குக் காரணம், கிராமம் கிராமமாக எவரும் போய்ச் சரிபார்க்கக்கூடிய கணக்கு அதன் அடியில் இருந்ததுதான். காஸாவில் அப்படிச் சரிபார்க்கப் போகிறவர்களுக்கு வாசல் திறக்க வேண்டும். டெல் அவீவிலும் ரமல்லாவிலும் நமக்குத் தூதர்கள் இருக்கிறார்கள். இரு தரப்புக்கும் நண்பர்கள் என்று டெல்லி சொல்லிக் கொள்கிறது. அந்த நட்பைக் கொண்டு, இந்தியப் பத்திரிகையாளர் காஸாவுக்குள் ராணுவத் துணையின்றிப் போய்வர அனுமதி வேண்டும் என்று நமது சர்க்கார் பகிரங்கமாகக் கேட்கட்டும்.