இனிப்பு வாசனையை நம்பாதீர்கள்!

காரைக்கால் பக்கம் அம்பகரத்தூர் வயல்களில் பி.வி.சி. குழாய் புதுமையான பொருள் அல்ல. பம்பு செட் தண்ணீர் அதில்தான் ஓடுகிறது. வீட்டுக் குழாயும் அதுதான். அந்தக் குழாய் எதிலிருந்து பிறக்கிறது?

எத்திலீன் டைகுளோரைடு என்ற திரவத்திலிருந்து. சொன்னால் நாக்கு சுளுக்கும் பெயர்! எத்திலீன், குளோரின் என்ற இரண்டு வாயுக்களைச் சேர்த்து இதைச் செய்கிறார்கள். இதைச் சூடாக்கிப் பிளந்தால் வினைல் குளோரைடு. அதிலிருந்து பி.வி.சி. காரைக்கால் மாவட்டம் மேலவாஞ்சூரில் உள்ள கெம்ப்ளாஸ்ட் சன்மார் ஆலையிலேயே இது தயாராகிறது. ஒரு காலத்தில் தானியக் கிடங்குகளில் வண்டு கொல்லவும் இதை உபயோகித்தார்கள்.

பார்க்கத் தண்ணீர் போல இருக்கும். இனிப்பான வாசனை வீசும். அதுதான் ஆபத்து! கெட்ட நாற்றம் அடித்தால் மனிதன் விலகி ஓடுவான். இனிய வாசனை என்றால் கிட்டப் போய் முகர்ந்து பார்ப்பான்.

13 டிகிரி சூட்டிலேயே தீப்பற்றும் ஆவி கிளம்பும். காரைக்காலில் மார்கழி விடியற்காலையில்கூட அதைவிடச் சூடு அதிகம். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. பள்ளத்திலும் வாய்க்காலிலும் போய்த் தங்கும். தூரத்தில் பற்ற வைத்த பீடி போதும், தீ ஓடி வரும். திரவமோ தண்ணீரைவிடக் கனம். குளத்தில் கொட்டினால் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். மேலே தண்ணீர் தெளிவாகவே தெரியும்.

ஆவியைச் சுவாசித்தால் தலை சுற்றும், வாந்தி வரும். உள்ளே போனால் ஈரலும் சிறுநீரகமும் கெடும். உயிரும் போகலாம்.

குழாயாக மாறிய பிறகு இந்தப் பயம் இல்லை. ஆனால் பழைய குழாயை அடுப்பில் போட்டு எரிக்கக் கூடாது. நெஞ்சைக் காந்தும் புகை வரும்.

ஆலைக்குள் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். ரோட்டில் டாங்கர் லாரி கவிழ்ந்தால்? முதலில் ஓடி வருபவர்கள் ஊர் மக்கள். சிலர் குடத்துடன் வருவதும் உண்டு! காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ அந்தப் பக்கமாக விலகிப் போகவேண்டும். தீக்குச்சி கூடாது. 112-க்குப் போன் செய்யவேண்டும். இந்தச் சரக்கு இருந்த காலி டிரம்மை வாங்கித் தண்ணீர் பிடிப்பதும், வெல்டிங் வைத்து வெட்டுவதும் உயிரோடு விளையாடுவதே.

இத்தகைய லாரிகளில், என்ன சரக்கு என்று எழுதிய பலகை இருக்கவேண்டும் என்பது 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதி. இந்தத் திரவத்தின் எண் 1184. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள் பஸ் போர்டைப் படிப்பதுபோல் இதையும் படித்துப் பழகலாம். ஆனால் பெயர் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. அந்த லாரியை ஓட்டும் டிரைவருக்கு ஓர் இந்திய மொழியும் ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரியவேண்டும் என்றும் விதி இருக்கிறது. சரிதான். ரோட்டோரத்தில் மாடு மேய்க்கும் பெண்ணுக்கு எந்த விதி?

“தீப்பிடிக்கும், விஷம், கிட்டே வராதே” என்று தமிழிலும் எழுதட்டும். ஒரு சின்ன டப்பா பெயிண்டுக்கு மேல் செலவாகாது.