எதிரொலி ஒன்றல்ல

"கப்பலிலிருந்து அனுப்பிய ஒலி 4 விநாடியில் எதிரொலித்துத் திரும்புகிறது, கடலின் ஆழம் என்ன?" இந்தக் கணக்கை நீங்கள் போட்டிருப்பீர்கள். கடல்நீரில் ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 1500 மீட்டர். விடை 3000 மீட்டர். முழு மதிப்பெண்தான். ஆயினும் இந்தக் கணக்கின்மீது எனக்கொரு குறை உண்டு. அதில் வருவது ஒரே எதிரொலி. அதுவும் நமக்கு உதவவே வருகிறது! கடலுக்கடியில் செய்தி அனுப்புவோருக்கு அந்த நற்பேறு இல்லை.

வானொலி அலைகளைக் கடல்நீர் விரைவில் உறிஞ்சிவிடும். ஆகவே அங்கே ஒலியே தூதன். இரு கருவிகள் 40 மீட்டர் ஆழத்தில், 60 மீட்டர் இடைவெளியில் இருப்பதாகக் கொள்ளுங்கள். நேர்வழி 60 மீட்டர். நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் வழியோ, பிதாகரஸ் தேற்றப்படி, 100 மீட்டர். மிகுதி 40 மீட்டரைக் கடக்க ஒலிக்குச் சுமார் 27 மில்லிவிநாடி ஆகும். அதற்குள் அடுத்தடுத்த குறிகள் வந்துகொண்டிருக்கும். பழைய குறியின் எதிரொலி அவற்றின்மேல் விழும். கடல் தரையும் தன் பங்குக்கு ஒன்றை அனுப்பும்.

நேட்டோ அமைப்பு 2017-இல் பொதுமுறையாக ஏற்ற 'ஜேனஸ்' இதை எப்படிச் சமாளிக்கிறது? இத்தாலியின் லா ஸ்பெசியா நகரிலுள்ள அதன் கடலாய்வு மையம் உருவாக்கிய முறை இது. 9440 முதல் 13600 ஹெர்ட்ஸ் வரை 26 அதிர்வெண்கள். இரண்டிரண்டாக 13 இணைகள். இணையில் ஒன்று ஒலித்தால் 0, மற்றது ஒலித்தால் 1. ஒரு குறி ஒலிப்பது விநாடியில் 160-இல் ஒரு பங்கு நேரமே. அடுத்த குறி வேறோர் இணைக்குத் தாவிவிடும். பழைய இணையில் எதிரொலி வந்து சேரும்போது, கேட்கும் கருவி பெரும்பாலும் வேறு இணையில் காது வைத்திருக்கும்!

பிழை திருத்துவதற்காக ஒவ்வொரு பிட்டுக்கும் இரு குறிகள் செலவாகின்றன. மிஞ்சுவது விநாடிக்கு 80 பிட்டுகள். பத்து ஆங்கில எழுத்துகள், அவ்வளவே. கைப்பேசியில் படம் பார்க்கும் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். அலைக்கட்டத்தை மாற்றி அனுப்பும் முறைகள் விநாடிக்கு ஆயிரக்கணக்கான பிட்டுகளை அனுப்பும். ஆழ்கடலில் நேர்மேலும் கீழுமாகப் பேச அவை நல்லவையே. ஆனால் வேகத்தை மட்டும் அளவுகோலாக்குவது தவறு என்பேன். செயலிழந்து கடல் தரையில் கிடக்கும் நீர்மூழ்கியிலிருந்து "உயிருடன் இருக்கிறோம்" என்று ஒரு செய்தி வருகிறது. மீட்கப் போன கப்பல் வேறு நாட்டினுடையது. கருவியும் வேறு நிறுவனத்தினுடையது. அப்போது அந்தச் செய்தி புரிந்தாக வேண்டும் அல்லவா? ஜேனஸின் விவரங்கள் வெளிப்படையானவை. யாரும் அதற்கேற்பக் கருவி செய்யலாம்.

பாடநூல் எழுதுவோர் ஆழக் கணக்கின் அடுத்தபடியாக இரண்டாவது எதிரொலியையும் சேர்க்கலாம். அதுவரை நீங்களே போட்டுப் பாருங்கள்: அந்த 27 மில்லிவிநாடிக்குள் ஜேனஸ் எத்தனை முறை தாவியிருக்கும்?