மரத்தடியில் பாடம் நடந்தால் பிக்னிக்கா?

அமெரிக்காவில் ஊர்க்காரர்கள் கூடி, வெளியில் கற்பதை மையமாக வைத்து ஒரு சார்ட்டர் பள்ளி தொடங்குகிறோம் என்றால் உடனே ஒரு பதில் வரும்: வசதியான வீட்டுப் பிள்ளைகள் அரசுப் பணத்தில் மரமேறப் போகிறார்கள், படிப்பும் இருக்காது, பரீட்சையும் இருக்காது.

ஒன்று. சார்ட்டர் பள்ளி தனியார் பள்ளி அல்ல. 1991இல் மினசோட்டா மாநிலம் இதற்கான முதல் சட்டம் போட்ட நாளிலிருந்தே அது பொதுப்பள்ளிதான். கல்விக் கட்டணம் கிடையாது. இடத்தைவிட விண்ணப்பம் கூடினால் குலுக்கல். பிறகு எந்தப் பணக்காரப் பள்ளியைச் சொல்கிறார்கள்?

இரண்டு. மூன்றாம் வகுப்பு முதல் எட்டு வரை வாசிப்பிலும் கணிதத்திலும் ஆண்டுதோறும் மாநிலத் தேர்வு. சார்ட்டருக்கு விலக்கில்லை. அனுமதி வாங்கும்போது சொன்னதைப் பள்ளி செய்யாவிட்டால் அந்த அனுமதியே ரத்தாகலாம்.

மூன்று, படிப்பு. ஓடைக்கரையில் 30 அடியை நாடாவால் அளந்து, ஆரஞ்சுத் தோலை மிதக்கவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்கிறாள் ஒரு சிறுமி. 20 விநாடி. அப்படியானால் ஓடையின் வேகம் விநாடிக்கு ஒன்றரை அடி. அடுத்த குழுவுக்கு 24 விநாடி வருகிறது. தோல் கரையோரம் ஒதுங்கியதா, காற்றா என்று சண்டை. சராசரி எதற்கு என்று இனி தனியாகப் பாடம் நடத்த வேண்டுமா? இதுவா மரமேறுவது?

குறை சொல்வதென்றால் சரியான இடத்தில் சொல்லுங்கள். பல மாநிலங்களில் சார்ட்டர் பள்ளி பஸ் விட வேண்டிய கட்டாயமில்லை. பாடம் நடக்கும் காடோ ஊருக்கு வெளியே. கார் இல்லாத வீட்டுப் பிள்ளை குலுக்கலில் ஜெயித்து என்ன பயன்? மழைக்கோட்டும் பூட்ஸும் வீட்டிலிருந்தே வர வேண்டும் என்றால் அதுவும் கட்டணம்தானே? இந்த இரண்டுக்கும் பட்ஜெட்டில் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று கேளுங்கள்.