கேட்டுச் சாப்பிடு, தம்பி!

"பாம்பு தின்கிற ஊருக்குப் போனால் நடுத்துண்டம் நமக்கு" என்று ஒரு பழமொழி உண்டு. போகிற ஊரின் வழக்கத்தை ஒட்டி நட என்பது அதன் கருத்து. நல்ல கருத்துதான். ஆனால் தட்டில் இருப்பது பாம்பு என்று தின்கிறவனுக்குத் தெரிய வேண்டும் அல்லவா? கீரைத்தண்டு என்று நம்ப வைத்துப் பாம்பைப் பரிமாறினால் அதற்கு என்ன பெயர்?

வாடிப்பட்டி வட்டாரத்துப் பிள்ளைகளும் இன்று படிக்கவும் வேலை பார்க்கவும் கடல் கடந்து போகிறார்கள். அமெரிக்காவில் அவசரப் பசிக்குக் கை கொடுப்பது பர்கர் கடை. இரண்டு ரொட்டிகளுக்கு நடுவே தட்டையான இறைச்சி. பெரும்பாலும் அது மாட்டிறைச்சி. அதை உண்ணாத வீட்டுப் பிள்ளை என்ன செய்வான்? உருளைக்கிழங்கு வறுவலை வாங்கிக்கொள்வான். கிழங்கில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைப்பான்.

கிழங்கில்தான் வந்தது வினை!

மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் முன்பு தன் வறுவலைப் பெரும்பகுதி மாட்டுக் கொழுப்பில் பொரித்து வந்தது. இருதயத்துக்குக் கேடு என்று எதிர்ப்புக் கிளம்பவே, 1990-ல் தாவர எண்ணெய்க்கு மாறுவதாக அறிவித்தது. சைவ உணவுக்காரர்கள் மகிழ்ந்தார்கள். பத்தாண்டுக் காலம் நம்பிச் சாப்பிட்டார்கள்.

எண்ணெய் மாறியது மெய். ஆனால், கடைக்கு வருமுன்பே கிழங்கில் மாட்டிறைச்சிச் சுவைப்பொருள் சிறிதளவு சேர்க்கப்பட்டிருந்தது! பட்டியலில் "இயற்கைச் சுவை" என்று மட்டுமே இருந்தது.

இந்தக் குட்டு உடைந்தது எப்படி? லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இருந்த இந்தியப் பொறியாளர் ஒருவர், வறுவல் சைவம்தானா என்று நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டார். இல்லை என்று பதில் வந்தது. 2001 ஏப்ரலில் 'இந்தியா-வெஸ்ட்' பத்திரிகையில் விஜி சுந்தரம் அதைச் செய்தியாக எழுதினார். மே மாதம் சியாட்டில் வழக்கறிஞர் ஹரீஷ் பார்தி வழக்குத் தொடுத்தார். 2002-ல் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. சைவ உணவு அமைப்புகளுக்கும் இந்து, சீக்கிய அமைப்புகளுக்கும் பிறருக்குமாக ஒரு கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. ஒரே ஒரு கேள்வி செய்த வேலை இது!

"துளி சுவைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று சிலர் கேட்கலாம். துளியா, படியா என்பதல்ல பேச்சு. எதை உண்பது, எதை விலக்குவது என்று முடிவு செய்ய வேண்டியவர் உண்பவர். விற்பவர் அல்ல. தெரிந்தே மாட்டிறைச்சி உண்பவரோடு நமக்கு வழக்கில்லை. அது அவர் விருப்பம். தெரியாமல் உண்ண வைப்பதுதான் குற்றம். பாதி உண்மை சொல்லி மீதியை மறைப்பதும் ஏமாற்றுத்தான்.

விற்பவனால் முடியாத காரியமும் அல்ல இது. அதே நிறுவனம் 1996-ல் டில்லியில் தன் முதல் இந்தியக் கடையைத் திறந்தபோது, மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் இல்லாமலே வியாபாரம் தொடங்கியது. வாங்குகிறவர் மனம் தெரிந்தால் வியாபாரி வழிக்கு வருவார். நாம் வாய் திறந்தால்தானே அவருக்குத் தெரியும்?

நம் பிள்ளைகளுக்கோ கூச்சம்! பின்னால் வரிசை நிற்கிறது. கேட்டால் பட்டிக்காட்டான் என்பார்களோ என்ற பயம். எதற்குப் பயம்? காசு கொடுக்கிறவன் கேட்பது நாகரிகக் குறைவல்ல. ஹலால் இறைச்சிதானா என்று கேட்கும் இஸ்லாமியச் சகோதரரும், வேர்க்கடலை ஒவ்வாதவரும் கேட்டுத்தானே ஆக வேண்டும்?

இந்த நியாயம் சீமைக்கு மட்டுமல்ல. வாடிப்பட்டி நெடுஞ்சாலையில் வண்டியை நிறுத்தி, "இது சைவமா?" என்று ஒரு வழிப்போக்கர் கேட்டால் நாமும் மெய்யே சொல்ல வேண்டும். கோழி பொரித்த சட்டியிலேயே காலிபிளவரையும் பொரித்துவிட்டு, "சுத்த சைவம்" என்று தலையாட்டினால், அமெரிக்கக் கம்பெனியைக் குறை சொல்ல நமக்கு வாய் ஏது?

தொலைபேசியில் மகனை, "சாப்பிட்டாயா?" என்று விசாரிக்கும் தாய்மார்களே! இனி ஒரு வார்த்தை கூட்டிக்கொள்ளுங்கள்: "கேட்டுச் சாப்பிட்டாயா?"