ஆகாயப் படையின் அடிப்படி

1933-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 1-ந் தேதி கராச்சி டிரிக் ரோட்டில் இந்திய ஆகாயப் படையின் முதற் பிரிவு தோன்றியபோது, அதில் 'ஹவாய் சிப்பாய்'கள் 19 பேர் இருந்தனர். பிற்காலத்தில் அவர்கள் ஸ்தானத்தில் நின்ற ஏர்கிராப்ட்மேன், 20 வருஷத்திற்கு ஒப்பந்தமாகி, கார்ப்பொரல், ஸார்ஜெண்டு என உயர்ந்து பென்ஷனும் பெற்றான்.

2022 ஜூனில் சர்க்கார் பிரகடனஞ் செய்த அக்னிபத் திட்டம், 'அக்னிவீர்வாயு' என்னும் புதிய கடைநிலையைச் சிருஷ்டித்தது. அவ்விதிப்படி ஊழியம் நான்கு வருஷம். மாதச் சம்பளம் 30,000 ரூபாய் முதல் 40,000 வரை. பிரியும்போது சுமார் 11.71 லக்ஷம், பென்ஷன் இல்லை. நூற்றுக்கு 25 பேர் வரையே நிரந்தரமாவர்.

படை இளமையுடன் விளங்க வேண்டுமென்பது சர்க்கார் கூறும் நியாயம். அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் விமான யந்திரத்தைப் பழுதுபார்க்குங் கை ஒரு நாளிற் பழகுவதன்று. பழகிய கையை நான்காம் வருஷத்திலேயே அனுப்பிவிடுவது சிக்கனமாகுமா? கடமையில் உயிர்நீத்தவனுக்கு 48 லக்ஷ ரூபாய் இன்ஷியூரன்ஸ் உண்டு; குடும்பப் பென்ஷனோ திட்டத்தில் இல்லை. ஒரே அபாயத்தில் நிற்போருக்குள் இப்பேதம் நீதியன்று.

2022 டிசம்பரில் சேர்ந்த முதல் வகுப்பாரின் தவணை 2026 முடிவோடு தீர்வது. அவர்கள் விஷயத்திலேயே திட்டத்தின் யோக்கியதை வெளிப்படும். தேர்ச்சி பெற்றோரில் பெரும்பான்மையோரை நிறுத்திக்கொள்வதும், இறந்தார் குடும்பத்திற்குப் பென்ஷன் அளிப்பதும் சர்க்காரின் கடமை. உயிரைத் தர ஒப்பியவனிடம் தேசம் கணக்குப் பார்ப்பது அழகன்று.