பண்ணைக் கரை யாருக்கானது?

யாழ்ப்பாண நகர மக்களின் மாலைப் பொழுதுகள் பலவும் இன்று பண்ணைக் கரையில்தான் கழிகின்றன. கோட்டையைக் கடந்து பண்ணைப் பாலத்தை நோக்கிச் செல்லும் வீதியோரத்து நடைபாதையும் இருக்கைகளும் விடுமுறை நாட்களில் குடும்பம் குடும்பமாக வருவோரால் நிரம்பி வழிகின்றன. கச்சான் விற்பவரும் ஐஸ்கிறீம் வண்டிக்காரரும் அக்கூட்டத்தை நம்பியே பிழைக்கின்றனர். இக்கரையை மேலும் புதுப்பித்து அழகுபடுத்த வேண்டுமென்ற பேச்சு எழும்போதெல்லாம், கூடவே கருத்து மோதல்களும் எழுவதை நாம் அவதானித்து வருகின்றோம்.

உணவகங்களும் ஹோட்டல்களும் வந்தால் உல்லாசப் பயணிகள் வருவார்கள், இளைஞருக்குத் தொழில் கிடைக்கும் என்பது வர்த்தகர் தரப்பின் வாதம். பண்ணை ஏற்கெனவே கலாசாரச் சீரழிவின் இடமாகி விட்டது, இனியும் ஏன் வளர்க்க வேண்டும் என்பது பெரியவர்கள் பலரின் ஆதங்கம். இவ்விரு குரல்களே உரத்து ஒலிக்கின்றன. கலாசாரம் பற்றிய கவலையை நாம் எள்ளி நகையாட முற்படவில்லை. ஆனால் குடும்பங்கள் வந்து போகும் இடத்தில் தவறுகள் குறைவு. வெளிச்சமற்று, ஆளரவமற்றுக் கிடக்கும் கரையிலேயே அவை பெருகும். பெண்கள் அச்சமின்றி வந்துபோகப் போதிய மின்விளக்குகளும் சுத்தமான மலசலகூடங்களும்தான் முதலில் வேண்டும். அலங்கார வளைவுகள் காத்திருக்கலாம்.

உரத்து ஒலிக்காத குரல் கடற்றொழிலாளருடையது. குருநகரிலும் நாவாந்துறையிலும் வாழும் இவர்களுக்குக் கரை என்பது காற்று வாங்கும் இடமன்று, தொழிற்களம். ஆழமற்ற இக்களப்பில் சிறகுவலை கட்டி இறாலும் நண்டும் பிடிப்பவர்களுக்கு வள்ளத்தைக் கட்டவும், வலையைக் காயவிடவும், மீனை இறக்கி விற்கவும் இடம் வேண்டும். இவை நகர அழகைக் கெடுப்பதாகக் கருதப்படும் நாளில் அவர்களது நிலை என்னவாகும்? சென்னை மெரினாவின் தெற்கே நொச்சிக்குப்பத்தில் நடந்தது கண்முன் உள்ளது. மீனவர் தலைமுறைகளாக வாழ்ந்த கரையை ஒட்டி வீதி அமைக்கப்பட்டது. பின்னர் அவ்வீதிக்கு இடையூறென்று கூறி, 2023 ஏப்ரலில் அவர்களது மீன் கடைகள் அகற்றப்பட்டன. மீனவர் வீதியில் இறங்கிப் போராடினர். 2024இல் அவர்களுக்கெனப் புதிய மீன் சந்தை திறக்கப்பட்டது உண்மைதான். ஆயினும் சந்தையை முதலில் கட்டிவிட்டுக் கடைகளை நகர்த்தியிருக்கலாகாதா என்ற கேள்வி எஞ்சியே நிற்கின்றது.

பண்ணைக்கு அண்மையிலேயே சோனகர் தெருவும் அதனைச் சூழ்ந்த முஸ்லிம் குடியிருப்புகளும் உள்ளன. 1990 ஒக்டோபர் 30ஆந் திகதி சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்ட அம்மக்களில் ஒரு பகுதியினரே மீண்டுள்ளனர். காணியின்மையும் வீடின்மையும் அவர்களை இன்றும் வாட்டுகின்றன. தாழ்வான பொம்மைவெளியில் குடியேறியோர் மாரிதோறும் வெள்ளத்தில் தவிக்கின்றனர். நகரின் மழைநீர் களப்பைத்தான் சென்றடைய வேண்டும். கரையை நிரவி உயர்த்தும் எந்தத் திட்டமும் இந்நீர் எவ்வழியே வடியும் என்பதற்கு முதலில் பதில் கூறியாக வேண்டும். காணி விலை மேலும் ஏறினால், திரும்பிவரக் காத்திருப்போருக்கு இவ்வூரில் இடமே இல்லாது போகும் என்பதையும் நாம் சுட்டிக்காட்டாதிருக்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. கட்டியெழுப்பிய பின்னர் இக்கரை யாருடைய பொறுப்பில் இருக்கும்? மாநகர சபை, நகர அபிவிருத்தி அதிகார சபை, வீதி அபிவிருத்தி அதிகார சபை, கரையோரம் பேணல் திணைக்களம், கோட்டையின் பொருட்டுத் தொல்பொருள் திணைக்களம் எனக் கைகள் பல. இந்திய நிதியில் எழுந்த யாழ்ப்பாணக் கலாசார நிலையம் 2023 பெப்ரவரியில் கையளிக்கப்படும் முன்னரே, அதனைப் பராமரிக்கும் வல்லமை மாநகர சபைக்கு உண்டா என்ற விவாதம் எழுந்தது. 2025 ஜனவரியில் அதன் பெயர் திருவள்ளுவர் கலாசார நிலையமென மாற்றப்பட்டு, 'யாழ்ப்பாணம்' விடுபட்டதால் எதிர்ப்புக் கிளம்பிய பின்னரே அச்சொல் மீண்டும் சேர்க்கப்பட்டது.

காலிமுகத்திடலை எடுத்துக்கொள்வோம். ஆளுநர் ஹென்றி வார்ட் 1859இல் கொழும்பின் பெண்களும் குழந்தைகளும் உலாவவென அமைத்த திடல் அது. 1956 ஜூன் 5ஆந் திகதி தமிழரசுக் கட்சியினர் சத்தியாக்கிரகமிருந்து தாக்கப்பட்டதும், பெருநாள் தொழுகைக்கு முஸ்லிம்கள் கூடுவதும், 2022 மே 18ஆந் திகதி முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் நடைபெற்றதும் அங்கேதான். அதே திடலில் சமய நிகழ்வுகள் தவிர ஏனையவற்றுக்கு இடமில்லை என 2023இல் அமைச்சரவை தீர்மானித்தது. திறந்த வெளியின் திறப்பு யார் கையில் என்பதை அத்தீர்மானம் காட்டிற்று.

2023 மார்ச் முதல் 2025 மே மாதத் தேர்தல் வரை யாழ்ப்பாண மாநகர சபை மக்கள் பிரதிநிதிகளின்றியே இயங்கியது. இப்போது தெரிவான சபை உள்ளது. பண்ணை தொடர்பான எத்திட்டமாயினும் அதன் வரைபடத்தைத் தமிழில் அச்சிட்டு, குருநகர், நாவாந்துறைக் கடற்றொழிலாளர் சங்கங்களுக்கும் சோனகர் தெருப் பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் அனுப்பி, அவர்களது ஆட்சேபங்களைப் பகிரங்கமாகக் கேட்பதற்கு அச்சபை தயங்கக் கூடாது. கரையில் ஒரு துண்டையேனும் நீண்டகாலக் குத்தகைக்குக் கொடுக்க எண்ணமிருப்பின், அதனை மறைக்காது இப்போதே கூறிவிட வேண்டும். மின்விளக்குகளையும் மலசலகூடங்களையும் அமைக்க அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.